வீட்டுக் கடன் ஓடுகிற வீட்டை வாடகைக்கு விடுமுன்

இ.எம்.ஐ. ஒழுங்காகக் கட்டுகிறோம், வீட்டை வாடகைக்கு விட வங்கியை எதற்குக் கேட்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சொத்து மாற்றுச் சட்டம் 65ஏ பிரிவு, அடமானத்தில் இருக்கும் கட்டடத்தை 3 ஆண்டு வரை வாடகைக்கு விட அனுமதிக்கிறது, ஆனால் கடன் பத்திரத்தில் வங்கியின் அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே முதலில் பத்திரத்தைப் படியுங்கள், அப்புறம் கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தவணை தவறி, சர்ஃபேசி சட்டப்படி (வங்கி நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸ், அதாவது பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ், வந்துவிட்டால் வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் புதிதாக யாரையும் குடிவைக்காதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை குடிவருபவர்களைப் பற்றித்தான். மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து லீஸுக்கு, அதாவது ஒத்திக்குப் போகிறவர்கள், வங்கி வீட்டை ஏலம் விட்டால் அந்தப் பணத்துக்கு உரிமையாளர் பின்னால் அலைய வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். வீட்டுப் பத்திரத்தைக் கடனுக்காக வங்கியில் ஒப்படைத்த ஆவணம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். தெரிந்தால், வங்கியின் அனுமதிக் கடிதத்தைப் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.