நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டால் போதுமா? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து தண்ணீரைப் பற்றிய அச்சம் பெற்றோரின் மனத்தில் மெல்லக் குறையத் தொடங்குகிறது. அச்சம் குறைந்த அளவுக்கு ஆபத்தும் குறைந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான், பொது நீச்சல் குளங்களில் நாம் காணும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை. முறையான பயிற்சி இந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எத்தனை நிலைகளைத் தேறிய பிள்ளையாக இருந்தாலும், அதைக் கவனிக்கத் தேவையில்லை என்று சொல்லும் இடத்துக்கு எந்த வகுப்பும் கொண்டுசேர்ப்பதில்லை.

மூழ்கும் பிள்ளை கத்தும், கையை அசைத்து உதவி கேட்கும் என்று நம்புவது முதல் தவறு; மிகக் கொடிய தவறும் இதுவே. நீரில் மூழ்குவோரின் நடத்தையை 1970களில் ஆராய்ந்து விளக்கிய ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது என்று காட்டினார். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்துபோகும் அந்தச் சிறு இடைவெளி மூச்சு இழுப்பதற்கே போதாதபோது குரல் எழுப்ப வழியில்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழ்நோக்கி அழுத்துவதால் அவற்றை உயர்த்தி அசைக்கவும் முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, உடல் செங்குத்தாக நின்று, கால்கள் உந்தாமல், ஏணியில் ஏற முயல்வதுபோல் அந்தப் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த நிலை நீடிப்பது 20 முதல் 60 விநாடிகள் வரைதான். அதன்பின் பிள்ளை நீருக்கடியில் போய்விடும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது விளையாடுவதாகவே தோன்றும். எனவே, குதூகலமாகக் கத்திக்கொண்டிருந்த பிள்ளையின் சத்தம் திடீரென்று நின்றால் உடனே திரும்பிப் பாருங்கள், "என்ன, சரியா இருக்கியா?" என்று கேட்டு விடை வரவில்லை என்றால் ஒரு நொடியும் தாமதிக்காமல் கையை நீட்டுங்கள்.

ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிடும் ஒன்றைக் கைபேசியில் ஒரு செய்தி படித்து முடிக்கும் இடைவெளியில் தவறவிடலாம். "உயிர்காப்பாளர் இருக்கிறாரே" என்ற நினைப்பும் இதே வகையைச் சேர்ந்தது. அவர் குளம் முழுவதையும் பார்க்க வேண்டியவர்; உங்கள் பிள்ளையை மட்டும் பார்ப்பவர் நீங்கள் ஒருவரே. நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பது அதற்கு ஈடாகாது. குடும்பமாகவோ நண்பர்களாகவோ பலர் சேர்ந்து செல்லும் நாட்களில்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது, ஏனெனில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதாக எல்லாரும் எண்ணிக்கொள்வார்கள். இந்நேரம் முதல் இந்நேரம் வரை இன்னார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் எழுந்து செல்லும்போது அடுத்தவரிடம் பெயர் சொல்லி ஒப்படைப்பதே முறை. வகுப்பு நடக்கும் நேரத்தில் பெரும்பாலானோர் கவனிக்கத் தவறும் ஒருவர் உண்டு: அண்ணனோ அக்காவோ பயிற்சியில் இருக்க, கரையில் விளையாட விடப்பட்ட தம்பி தங்கை. வகுப்பு முடிந்து, பயிற்சியாளரின் பொறுப்பு நின்று, உடை மாற்றப் போகும் அந்தச் சில நிமிடங்களும் அப்படிப்பட்டவையே.

கையில் மாட்டும் காற்றுப்பைகளையும் இடுப்பு வளையங்களையும் பாதுகாப்புக் கருவிகளாகக் கருதுவதைப் பெற்றோர் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவை கழன்றுபோகலாம், காற்று இறங்கலாம் என்பது பலருக்கும் தெரிந்ததே. அதைவிட ஆழமான தீமை ஒன்று உண்டு. அவை பிள்ளையின் உடலைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கின்றன. நீந்துவதற்கு உடல் கிடையாக இருக்க வேண்டும். செங்குத்து நிலையோ மூழ்கும் நிலை. வாரக்கணக்கில் அந்த நிலைக்குப் பழகிய பிள்ளை, தன்னைத் தாங்கியது காற்றுப்பை என்பதை அறியாமல், தனக்கே மிதக்கத் தெரியும் என்று நம்பி ஒருநாள் அது இல்லாமலேயே குளத்தில் இறங்கிவிடுகிறது. மிதவை தேவைப்படும் இடத்தில், தரச்சான்று பெற்ற, பிள்ளையின் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கியையே அணிவியுங்கள். அது இருந்தாலும் கையெட்டும் தூரத்தை விட்டு விலகாதீர்கள்.

வகுப்பின் பயனை நீளத்தால் அளப்பது அடுத்த தவறு. எத்தனை முறை குளத்தின் மறுகரையைத் தொட்டான், எந்த நீச்சல் முறையைக் கற்றாள் என்று கேட்கும் பெற்றோர், தவறி விழுந்தால் மல்லாந்து மிதக்கத் தெரியுமா என்று கேட்பது அரிதாகவே இருக்கிறது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வகுத்துள்ள அடிப்படைத் திறன்கள் ஐந்து: தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் இறங்கி மேலே வருவது; ஒரு நிமிடமாவது மிதப்பது அல்லது நின்ற நிலையில் நீரை உதைத்துத் தாக்குப்பிடிப்பது; முழு வட்டமாகத் திரும்பி வெளியேறும் வழியைக் கண்டறிவது; 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர் நீந்தி அதை அடைவது; ஏணியின் துணையின்றிக் கரையேறுவது. இவற்றைத் தொடர்ச்சியாகச் செய்து காட்டும் பிள்ளையே தன்னைக் காத்துக்கொள்ளும் நிலையை நெருங்கியிருக்கிறது. அழகாகக் கைவீசி நீந்துவது பிறகு வரலாம். வயதைப் பொறுத்தவரை, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி பயன் தரக்கூடும் என்றும், அதற்குக் குறைந்த வயதில் அது மூழ்கும் ஆபத்தைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறுகிறது. பெரும்பாலான குழந்தைகள் 4 வயதளவில் முறையான பயிற்சிக்குத் தயாராகிறார்கள்.

பயத்தைப் போக்குவதாகச் சொல்லிப் பிள்ளையைத் தண்ணீரில் தூக்கிப் போடுவது இன்னும் நின்றபாடில்லை. அவ்வாறு போடப்பட்ட பிள்ளை நீந்தக் கற்பதில்லை. பெரியவரின் கையை நம்பக் கூடாது என்று கற்றுக்கொள்கிறது. மிதக்கக் கற்பதற்கு உடலைத் தளர்த்த வேண்டும், தளர்வதற்கு நம்பிக்கை வேண்டும். குளிரும் இதற்குத் தடையாகும். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாகத் தண்ணீர் உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், போட்டியாளர்களுக்கு உகந்த வெப்பநிலையில்கூட மெலிந்த சிறு பிள்ளைகள் நடுங்கத் தொடங்குவார்கள். உதடு நீலம் பாரித்தால் வகுப்பு முடியாவிட்டாலும் வெளியே அழைத்துத் துவட்டிவிடுங்கள்.

சற்று வளர்ந்த, நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளை அச்சுறுத்தும் ஆபத்து வேறு. யார் அதிக நேரம் நீருக்கடியில் மூச்சடக்குவது என்ற போட்டியைப் பெரியவர்களே பக்கத்தில் நின்று கைதட்டி ஊக்குவிக்கிறார்கள். மூச்சு இழுக்க வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சுவிடும்போது அந்த வாயு வெளியேறிவிடுகிறது, ஆனால் ஆக்சிஜன் கையிருப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை. ஆகவே தவிப்பு எழுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இன்றிப் பிள்ளை நினைவிழக்கிறது. இடுப்பளவு நீரிலும் இது நடக்கும். இந்த விளையாட்டை முழுமையாகத் தடைசெய்யுங்கள், காரணத்தையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள்.

சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீலம், வெள்ளை நிற நீச்சலுடை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்; பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் நல்லது. குளத்தின் அடியில் நீரை உறிஞ்சும் துளையின் மூடி உடைந்திருந்தால் யாரையும் இறங்க விடாதீர்கள். நீண்ட கூந்தலை முடிந்தே அனுப்புங்கள். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாய்வது கழுத்தெலும்பை முறிக்கும். வலிப்பு, ஆஸ்துமா இருந்தால் பயிற்சியாளரிடம் மறைக்காதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்துக்கு அழைத்து வராதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் 7 நாட்களுக்கு மேல் உயிரோடிருக்கும்.

விபத்து நேர்ந்த பின்பும் தவறுகள் தொடர்கின்றன. நீந்தத் தெரியாதவர் பதறிக் குதிப்பதால் ஓருயிர் போக வேண்டிய இடத்தில் ஈருயிர் போகிறது. கரையில் படுத்தபடி கழியையோ துண்டையோ நீட்டுங்கள், அல்லது மிதவையை எறியுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பதும் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பொன்னான நேரத்தை வீணாக்குவதோடு, வயிற்றிலுள்ளதை மூச்சுக்குழாய்க்குள் தள்ளவும் கூடும். மூச்சில்லை என்றால் அவசர ஊர்தியை அழைக்கச் சொல்லிவிட்டு உடனே வாய்வழி மூச்சு கொடுக்க வேண்டும். அந்தந்த நாட்டு வழிகாட்டுதலுக்கேற்ப முதலில் 2 அல்லது 5 முறை ஊதி, பின்னர் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவதைத் தொடர வேண்டும். மூழ்கியவரின் உடலில் தீர்ந்துபோனது ஆக்சிஜன் என்பதால் மார்பை அழுத்துவது மட்டும் போதாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, பயிற்சி வகுப்பில் பொம்மையின்மேல் செய்து பழகுவதே பயன் தரும். பிள்ளையை நீச்சலில் சேர்க்கும்போதே பெற்றோரும் முதலுதவி வகுப்பில் சேர்ந்துவிடலாம். மூழ்கி மீட்கப்பட்ட பிள்ளை எழுந்து நடந்தாலும், பேசினாலும், அடுத்த சில மணி நேரத்தில் விடாத இருமல், மூச்சுத்திணறல், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது தொடர் வாந்தி தோன்றினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.