வெற்றிலைப் பையை விட்ட கதை

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே வாயில் வெற்றிலை ஏறிவிடும். பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. மழைக்குளிருக்கு அதுதான் சூடு, பசியும் தெரியாது.

ஒருநாள் ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போது கன்னத்தின் உள்பக்கம் தீயாய் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைத் திட்டு. வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, பல் டாக்டர் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டுதான் போனது.

"புகையிலையை மட்டும் விட்டால் போதுமா, டாக்டர்?"

போதாதாம். பாக்கு தனியாகவே புற்றுநோய் வரவழைக்குமாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே இதை வெளியிட்டிருக்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றே நிறுத்தினேன். முதல் வாரம் தலைவலி, எதற்கெடுத்தாலும் கோபம். இடுப்பில் வெற்றிலைப் பை இருந்த இடத்தில் வறுத்த கடலையும் இரண்டு கராம்பும் முடிந்துகொண்டேன். தேநீர் நேரம்தான் கஷ்டம். "அக்கா, எனக்கு நீட்டாதீங்க" என்று கெஞ்சிக் கேட்டேன். அப்புறம் அவர்களும் நீட்டவில்லை.

எட்டு மாதத்தில் திட்டு மங்கியது. வாய் இறுகியது இறுகியதுதான், இன்னும் இரண்டு விரல்தான் போகிறது. தவறாமல் டாக்டரிடம் காட்டி வருகிறேன்.