கோடைக்கு அறிவியல் புனைகதை: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் நாவல் படித்தால் பிள்ளைக்கு சயின்ஸில் மார்க் கூடும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். லீவுக்குப் புத்தகம் தேடும் பெற்றோரும் ஆசிரியர்களும் செய்கிற பெரிய தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

ஹெச்.ஜி. வெல்ஸ் 1895-ல் எழுதிய 'கால இயந்திரம்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இயந்திரத்தைப் பற்றி அவர் சொல்வது கொஞ்சம்தான்: நிக்கல், தந்தம், படிகம். எப்படி ஓடுகிறது என்பது கடைசிவரை தெரியாது. ஆனால் அது போய்ச் சேரும் 8,02,701-ஆம் ஆண்டை விரிவாகக் காட்டுகிறார். மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் ஒரு கூட்டம் பழம் தின்று, விளையாடிப் பொழுதைக் கழிக்கிறது. தரைக்கடியில் இருட்டில் இன்னொரு கூட்டம் இயந்திரங்களோடு கிடக்கிறது. உழைப்பவர்களையும் உட்கார்ந்து தின்பவர்களையும் அடியோடு பிரித்துவைத்ததால் வந்த வினையோ என்று கதாநாயகன் யோசிக்கிறான். அந்தக் கீழ்க்கூட்டம் ராத்திரியில் ஏன் மேலே வருகிறது என்பது தெரியும்போது முதுகு சில்லிட்டுப் போகும்.

சேற்றில் இறங்குவது யார், நெல் யார் வீட்டுக்குப் போகிறது என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் தஞ்சாவூர், திருவாரூர்ப் பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த நாவலைக் கொடுத்துவிட்டு, 'ஐந்து அறிவியல் உண்மைகளை எழுதி வா' என்று சொன்னால் எதைத்தான் எழுதும்? 'இவர்கள் ஏன் இப்படிப் பிரிந்து போனார்கள்?' என்று கேளுங்கள். பேச்சு நிற்காது.

அடுத்து, 'நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒட்டாது' என்று ஒதுக்குவது. இந்த வகைக் கதைகளில் பல, உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிவிட்டு, அப்புறம் என்ன ஆகும் என்று பார்ப்பவை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பார்களா என்று வீடே பேசிக்கொள்வதைக் கேட்ட பிள்ளைக்கு இது புதிதல்ல. இருபது வருடம் அணையே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைமடையில் யார் மிஞ்சுவார்கள், வாய்க்காலில் என்ன இருக்கும், குறுவை என்ற சொல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இதைப் பேசிவிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், செவ்வாய்க் கிரகத்துக் கதையானாலும் பிள்ளை உள்ளே போய்விடும்.

பழசு என்று தள்ளுவதும் வேண்டாம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் தொடராக வந்தது. கதை நடப்பதோ 2020-களில். அந்த வருடங்களில் வாழ்கிற பிள்ளைகளே அதைப் படித்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லலாம். பிள்ளை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டிய நாடு, புத்தகம் படித்து யோசிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்: எட்டாம் வகுப்புக்கு மேல் இதைத் தயங்காமல் கொடுப்பேன். அவர் எழுதியது என்பதற்காக எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்காக எழுதியவை நிறைய. எந்தப் புத்தகமானாலும் நீங்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஆங்கிலமும் வளரட்டும் என்று தமிழ் வழிப் பிள்ளையிடம் தடிமனான ஆங்கில நாவலைத் திணிப்பவர்கள் உண்டு. கதைக்காகவே உண்டாக்கிய சொற்கள் ஒரு பக்கம், தெரியாத மொழி ஒரு பக்கம் என்றால் பத்தாம் பக்கத்தில் மூடிவிடும். அதற்காக 40 பக்கச் சுருக்கத்துக்கும் போகாதீர்கள். ஜூல் வெர்னின் கேப்டன் நீமோ கதையை அப்படிச் சுருக்கினால் நீர்மூழ்கிக் கப்பலும் ராட்சதக் கடல் பிராணியும்தான் மிஞ்சும்; அந்த மனிதனின் கோபம் போய்விடும். நீமோ ஓர் இந்திய இளவரசர், 1857-ல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடியவர் என்று 'மர்மத் தீவு' நாவலில் தெரியவரும். இது தெரிந்தால் பிள்ளைகள் அவரைப் பார்க்கும் பார்வையே மாறும். 150, 200 பக்கத்தில் முழுமையான தமிழ் மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதை எடுங்கள். முதல் மூன்று பக்கங்களைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நமக்கே நாக்கு தடுக்கினால் பிள்ளைக்கு வேண்டாம்.

வகுப்பு முழுவதற்கும் ஒரே புத்தகம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நாலைந்து தலைப்புகளைச் சொல்லி, பிள்ளைகளையே புரட்டிப் பார்த்து எடுக்கவிடுங்கள். கிளை நூலகத்தில் உறுப்பினராக்கும் வேலையைப் பரீட்சை முடிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். லீவு விட்டதும் பாதிப் பிள்ளைகள் பாட்டி ஊருக்குக் கிளம்பிவிடும்.