சூப்பில் கார்ன் ஃப்ளார் கட்டி தட்டாமல் இருக்க

எங்கள் தருமபுரிப் பக்கம் மில்லில் அரைத்து வாங்கும் மஞ்சள் மக்காச்சோள மாவும் கடையில் விற்கும் வெள்ளை கார்ன் ஃப்ளாரும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், வெள்ளை மாவு மக்காச்சோளத்தின் ஸ்டார்ச் மட்டும்தான், விரலிடையே அழுத்தினால் கிறீச்சென்று இருக்கும். சூப்புக்கு இதுதான் வேண்டும். நாலு கப் சூப்புக்கு 2 டேபிள்ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம், மேல்மாவு உடனே வெந்து, உள்ளே காய்ந்த மாவோடு உருண்டையாகிவிடும். கரைத்தது அடியில் படிந்துவிடும், அதனால் ஊற்றும் முன் இன்னொரு முறை கலக்கிவிட்டு, கொதிக்கிற சூப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரு நிமிடம் கிளறுங்கள், பால் போல இருந்தது கண்ணாடி மாதிரி பளபளக்கும். அப்புறம், எலுமிச்சம்பழம் பிழிவதானால் இறக்கிய பிறகு பிழியுங்கள், புளிப்போடு ரொம்ப நேரம் கொதித்தால் நீர்த்துவிடும்.