நாய் முடி ஒட்டிய கார் சீட்: தண்ணீரைத் தொடும் முன் படியுங்கள்

கார்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் வேலைக்கு நான் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு காரின் பின்கதவைத் திறந்தான். லாப்ரடார் நாய் வளர்க்கும் வீட்டுக் கார். சீட் முழுக்க வெளிர் மஞ்சள் முடி. அவன் கை நேராக ஷாம்புக் கரைசல் நிரப்பிய தெளிப்பானுக்குப் போனது. தூரத்தில் நின்ற நான் போட்ட சத்தத்தில் பையன் பயந்தே போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கதவைத் திறந்து, இதே தெளிப்பானை நானும் எடுத்திருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் நினைவிருக்கிறது.

வேக்குவம் போட வேண்டும், நாய் உட்காரும் இடத்தில் விரிப்புப் போட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன். பலர் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முடியை எடுக்காமல் ஈரமாக்குவது

மற்ற தவறுகளில் பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. இதற்குப் பெரும்பாலும் இல்லை.

ஆட்டு ரோமத்தை நெய்யாமலே துணியாக்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. அதற்கு வெந்நீரும் சோப்பும் நன்றாகத் தேய்க்கும் கையும் போதும். ரோமத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஈரத்தில் அவை லேசாக விரியும். தேய்க்கத் தேய்க்க ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். நாய் முடிக்கும் பூனை முடிக்கும் இதே போன்ற செதில்கள் உண்டு. முடி நிறைந்த சீட்டில் ஷாம்பு தெளித்துப் பிரஷால் தேய்ப்பவர், தெரியாமலேயே அந்தத் துணி செய்யும் வேலையைத்தான் தொடங்குகிறார். காய்ந்திருந்தபோது ஒரு ரப்பர் கையுறைக்கே உருண்டு வந்திருக்கும் முடி, சீட் இழைகளோடு பின்னிக்கொண்டு படலமாகிவிடுகிறது.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஈர முடி நிறம் மங்கி, துணியோடு படிந்து கிடக்கும். வேலை முடித்த அந்த நேரத்தில் சீட் பளிச்சென்று தெரியும். நான் ஏமாந்தது அங்கேதான். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, பக் நாய் வளர்த்த ஒருவரின் காரை ஷாம்பு போட்டு, ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் வைத்து இழுத்து, மாலையில் ஒப்படைத்தேன். இயந்திரத்தின் வாய் மூன்று முறை அடைத்தது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. மறுநாள் மதியம் அவர் திரும்பி வந்தார். சீட் காய்ந்ததும் முடியெல்லாம் எழுந்து நின்றிருந்தது. அதோடு நனைந்த நாயின் வாடை. முடியில் இருக்கும் எண்ணெய், எச்சில், தோல் துகள் எல்லாம் தண்ணீரில் ஊறிச் சீட்டின் ஃபோமுக்குள் இறங்கியிருந்தன.

இரண்டு நாள் உட்கார்ந்து, சிறிய இடுக்கியால் பிடுங்கினேன். டிக்கி விரிப்பைச் சுரண்டிச் சுரண்டி அதன் மேல்பரப்பே பிய்ந்துவிட்டது. புதிய விரிப்பை என் பணத்தில்தான் வாங்கிப் போட்டேன். அந்த மாதம் வேறு எந்த வேலையாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை.

பணத்தைவிட இன்றும் என்னை எரிச்சலூட்டுவது வேறு ஒன்று. விவரம் தெரிந்தவர்களே, சொந்தக் கடை வைத்திருப்பவர்களே, "தண்ணீர் விட்டால் முடி இளகி வந்துவிடும்" என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முடி என்ன, காய்ந்த சேறா இளகுவதற்கு? சீட்டில் முடியைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு: இழைகளுக்குள் மாட்டிய சிக்கல் ஒன்று, நிலைமின்சாரத்தின் ஈர்ப்பு மற்றொன்று. சிக்கலைத் தண்ணீர் இறுக்கத்தான் செய்யும். நிலைமின்சாரத்தைக் குறைக்க மட்டும் துளி ஈரம் உதவும். அந்தத் துளியையும் சீட்டில் விடக் கூடாது. துணிகளை மிருதுவாக்கும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 10 பங்கு கலந்து, கையுறையின் மேல் ஒரே ஒரு முறை தெளித்து, தொட்டால் பிசுபிசுக்காத அளவுக்கு உதறிவிட்டுத் தடவுங்கள். அளவு மீறினால் அந்தத் திரவமே சீட்டில் படிந்து அழுக்கை இழுக்கும்.

நான் இப்போது செய்யும் முறை இதுதான். முதலில் காய்ந்த ரப்பர் கையுறை அல்லது ரப்பர் பிரஷ். ஒரே திசையில், ஒரு சாண் நீளத்துக்கு மேல் போகாமல், குட்டிக் குட்டியாக இழுப்பேன். முன்னும் பின்னும் தேய்த்தால் வெளியே வந்த முடியை நாமே திரும்பவும் உள்ளே தள்ளுகிறோம். முடி திரண்டு கயிறுபோல் வந்ததும் கையால் எடுத்துவிடுவேன். வேக்குவம் அதற்குப் பிறகுதான். அதுவும் குறுகிய வாய் வைத்து, தையல் ஓரங்களை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு. பிறகு திசையை மாற்றி மீண்டும் ரப்பர். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்கும்போது ஒரு முடியும் மின்னாத நிலை வந்த பிறகே ஷாம்புவைத் திறப்பேன்.

எல்லா முடியும் ஒன்றுதான் என்று நினைப்பது

நீளமான முடியைப் பார்த்து மலைப்பவர்கள், குட்டை முடியைப் பார்த்து "இது கொஞ்சம்தானே" என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நீள முடி மேலாகச் சுருண்டு கிடக்கும். பிடித்து இழுத்தால் வரும். லாப்ரடார், பக், டால்மேஷன் போன்றவற்றின் முடி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். பல கார்களின் தரைவிரிப்பு நெய்யப்பட்டதன்று; செயற்கை இழைகளை ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னவைத்தது. அந்தப் பின்னலுக்குள் விறைத்த முடி இன்னொரு ஊசியாக இறங்கிவிடும். மிதிக்கும் ஒவ்வொரு காலும் அதை மேலும் ஆழத்துக்கு அனுப்பும். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுக்கும் முன், டிக்கி விரிப்பில் விரலால் ஒரு கோடு கீறிப் பாருங்கள். அந்தக் கோட்டில் எழும் முடியே எவ்வளவு நேரமாகும் என்று சொல்லிவிடும்.

நுரைக்கல்லைக் கண்ட இடத்தில் தேய்ப்பது

குதிகால் தேய்க்கும் நுரைக்கல், டிக்கியில் இருக்கும் முரட்டு விரிப்புக்கு அருமையான கருவி. எடை கொடுக்காமல், இலேசாக, ஒரே பக்கமாக இழுத்தால் ஆழத்தில் இருக்கும் முடியும் மேலே வரும். அந்த வெற்றியைப் பார்த்த உற்சாகத்தில் அதே கல்லைச் சீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மென்மையான துணியில் அது இழைகளை அறுத்துப் பிசிறாக்கும். தோல் சீட்டிலும் பிளாஸ்டிக்கிலும் விழும் கீறல் நிரந்தரம். விரிப்பிலும்கூட ஒரே இடத்தை ஐந்தாறு முறைக்கு மேல் இழுக்க நான் அனுமதிப்பதில்லை.

கூரைத்துணியில் ஒட்டும் டேப்

ஒட்டாதீர்கள், துணி ஃபோமை விட்டுப் பிரிந்து தொங்கும்.

கதவுகளை மூடிக்கொண்டு காற்றடிப்பது

முடி இடம் மாறும், அவ்வளவுதான். நான்கு கதவும் டிக்கியும் திறந்திருக்கட்டும். முகத்தில் மாஸ்க் இருக்கட்டும்.

துளையிட்ட தோல் சீட்டில் பிரஷ்

குட்டை முடி துளைகளுக்குள் குத்திட்டு நிற்கும். முதலில் வேக்குவம், பிறகு மென்மையான துணி. பிரஷ் வேண்டாம்.

முடி போனால் தும்மலும் போகும் என்று சொல்வது

வாடிக்கையாளருக்கு இந்த உறுதியைக் கொடுக்காதீர்கள். பூனையால் வரும் ஒவ்வாமைக்குக் காரணம் முடி அன்று. எச்சிலிலும் தோலிலும் உருவாகும் புரதம். முடி அதைச் சுமந்து வருகிறது. முடியை எடுத்த பிறகும் அந்த நுண்துகள் துணியில் தங்கியிருக்கும். சாதாரண வேக்குவம் அதை உறிஞ்சிப் பின்பக்கமாக மறுபடியும் காற்றில் விடும். ஒவ்வாமை உள்ளவர் ஏறப்போகும் கார் என்றால் நுண்துகளைப் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம்தான் சரி.

முடி கொட்டக் கூடாதென்று நாயை மொட்டையடிப்பது

இது கார் உரிமையாளர்களுக்கு. வேதனையோடு எழுதுகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் இப்படிச் செய்துவிட்டு, பெருமையாக வந்து சொன்னார். மேல்முடி, உள்முடி என இரண்டு அடுக்கு உள்ள நாய்களுக்கு அந்த அடுக்குகள்தான் வெயிலிலிருந்து காப்பு. வெட்டிய பிறகும் முடி உதிர்வது நிற்காது. இன்னும் குட்டையாக உதிரும். குட்டை முடி என்ன செய்யும் என்று மேலே எழுதியிருக்கிறேன். நாயைக் காரில் ஏற்றும் முன் பத்து நிமிடம் நன்றாகச் சீவிவிடுங்கள். சீட்டில் விழ வேண்டிய முடி சீப்பிலேயே வந்துவிடும். நாய்க்கும் அது பிடிக்கும்.

சீட்டுக்கு அடியில் கிடைத்ததைக் கழற்றுவது

சீட் நகரும் தண்டவாளத்தில் கிரீஸோடு சேர்ந்து முடி கட்டியாகி இருக்கும். அதை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அங்கே தெரியும் மஞ்சள் நிற ஒயர் இணைப்பைச் சிலர் கழற்றிவிடுகிறார்கள். அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்காதீர்கள். சீட்டை முழுதாக முன்னே தள்ளிப் பின்பக்கத்தையும், பின்னே தள்ளி முன்பக்கத்தையும் சுத்தம் செய்தால் போதும். முன்பக்கப் பயணி சீட்டில் ஆள் இருப்பதை உணரும் சென்சாரும் பல கார்களில் உண்டு. தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கு அது இன்னொரு காரணம்.

ஏசியைக் கடைசியில் நினைப்பது

உள்காற்றைச் சுழற்றும் நிலையில் ஏசி ஓடும்போது, பெரும்பாலும் முன்பக்கப் பயணியின் கால் பக்கமிருந்துதான் காற்றை இழுக்கும். நாய் முடி அதிகம் புரளும் இடமும் அதுதான். இழுக்கும் வாயிலும் ஃபில்டரிலும் முடியும் தோல் துகளும் அடைந்து, காற்றின் வேகம் குறையும், வாடையும் தங்கும். அதனால் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதை முதல் வேலையாக வைத்திருக்கிறேன். அடைந்திருந்தால் மாற்றச் சொல்லிவிடுவேன். ஃபில்டர் இருந்த குழியை வேக்குவத்தால் எடுத்து, புதியதைப் பொருத்தி, காற்றை முழு வேகத்தில் ஓடவிட்டு, வருவதெல்லாம் வெளியே வந்து விழுந்த பிறகு கையுறையை மாட்டுகிறேன்.