சீன எழுத்து: எந்தக் கோடு முதலில்?

பின்யின் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) தெரியும், கொஞ்சம் சொற்களும் தெரியும், இனிமேல் கையால் எழுதிப் பழகலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீனப் பள்ளிகளில் சொல்லித்தரும் எளிய வடிவ எழுத்துகளைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தாள். ஒவ்வொரு சதுரமும் நாலு கட்டமாகப் பிரிந்திருக்கும் தியென்ஸிகெ நோட்டு நல்லது. மூலைவிட்டக் கோடுகளும் சேர்ந்த மிஸிகெ எனக்குப் பிடிப்பதில்லை. அத்தனை கோட்டுக்கு நடுவில் நாம் போட்ட கோடு காணாமல் போய்விடும். பென்சில் போதும், தூரிகை எல்லாம் அப்புறம்.

அடுத்து, கோடுகளை ஐந்து வகையாகப் பிரித்துப் பாருங்கள். படுத்திருப்பது ஹெங், நிற்பது ஷூ, இடப்பக்கம் சரிந்து இறங்குவது பியே, புள்ளி தியென் (வலப்பக்கம் சரிவதும் இதில் சேர்த்தி), வழியில் மடங்குவது ஜெ. இந்த ஜெ முக்கியம்: கோடு எத்தனை இடத்தில் மடங்கினாலும் பென்சிலை எடுக்கக்கூடாது, எல்லாம் ஒரே கோடுதான்.

பொது விதிகள் சுலபம். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்கே வெட்டினால் ஹெங் முன்னே ஷூ பின்னே. கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும் பத்து என்ற எழுத்தை அப்படித்தான் எழுத வேண்டும்.

நானும் மாட்டிக்கொண்ட இடம் பெட்டி. வாய் என்ற எழுத்து ஒரு சதுரம். நம் கை அதை ஒரே சுற்றில் போடப் பார்க்கும், இல்லையென்றால் நாலு பக்கத்துக்கு நாலு கோடு இழுக்கும். இரண்டும் தப்பு, மூன்றே கோடுகள்தான்: இடப்பக்க ஷூ, மேல்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்த ஒரு ஜெ, கடைசியில் அடியில் ஹெங்.

பெட்டிக்குள் ஏதாவது இருந்தால் அடிக்கோட்டைக் காத்திருக்க வையுங்கள். நாடு என்று பொருள்படும் குவோவைப் பாருங்கள். ஷூ, ஜெ போட்டதும் பெட்டியை மூடாமல் உள்ளே போய் ஹெங், ஹெங், ஷூ, ஹெங், தியென் என்று ஐந்து கோடுகளையும் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடியில் ஹெங். மொத்தம் எட்டு. முன்னாலேயே மூடிவிட்டால் உள்ளே இருப்பது நசுங்கிப்போகும்.

ஒன்பது என்ற எழுத்தும் வலிமையைக் குறிக்கும் லீயும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் ஒன்பதுக்குப் பியே முதலில், ஜெ பிறகு. லீக்கு நேர் எதிர். இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், மனப்பாடம் செய்துவிடுங்கள். அதேபோல 'இது' என்று பொருள்படும் ஜ்ஜெ என்ற எழுத்தில் இடப்பக்கமாக இறங்கி அடியில் நீண்டுபோகும் பகுதியைக் கடைசியில்தான் எழுத வேண்டும். இடமிருந்து வலம் என்ற விதி இங்கே செல்லாது.

இப்போது சோதனை. கோடுகளின் வரிசையைக் காட்டும் அசைபடங்களைப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். என் சிபாரிசு கைப்பேசியின் ஸ்ட்ரோக் விசைப்பலகை. ஐபோனில் சீன விசைப்பலகை சேர்க்கும்போது பின்யினோடு இதுவும் இருக்கும். மேலே சொன்ன ஐந்து வகைகள்தான் அதன் விசைகள். ஷூ, ஜெ, ஹெங் தட்டினால் வாய் வரும். வரிசை மாறினால் பெரும்பாலும் வேறு எழுத்துகள்தான் வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கும் செயலிகளைவிட இது எனக்கு அதிகம் உதவியது.

பின்சேர்க்கை: அரசன் என்ற எழுத்தில் முதல் ஹெங் முடிந்ததும் ஷூ வருவதாகத் தன் புத்தகத்தில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது ஜப்பானிய வரிசை. சீனாவில் மேலே இரண்டு ஹெங், பிறகு ஷூ, கடைசியில் அடி ஹெங். தைவான் கல்வி அமைச்சும் அங்கே வழங்கும் பழைய வடிவ எழுத்துகளின் கோட்டு வரிசைக்கு 1996-இல் தனிக் கையேடு போட்டிருக்கிறது. எளிய எழுத்துகளுக்கு, சீன அரசு 2020-இல் வெளியிட்டு 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த தரநிலையைப் பின்பற்றுங்கள். அதில் 8105 எழுத்துகளுக்கு வரிசை இருக்கிறது.

இன்னொன்று: மாடு என்ற எழுத்துக்குப் பியே, ஹெங், ஹெங், ஷூ. அதுவே 'பொருள்' என்ற ஊவின் இடப்பக்கத்தில் ஒடுங்கி உட்காரும்போது ஷூ மூன்றாவதாக வந்துவிடும், கடைசிக் கோடு மேல்நோக்கிச் சாயும். விசைப்பலகையில் அந்தச் சாய்கோட்டுக்கும் ஹெங்கையே தட்டுங்கள்.