ஆயாவின் முதல் ஓட்டு: வீட்டுப் பெண்களின் வாக்குரிமை வரலாற்றைத் திரட்டும் முறை

தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ வசிக்கும் ஒருவர், தம் வீட்டுப் பெண்களில் முதலில் வாக்களித்தவர் யார் என்று அறிய விரும்பினால், சட்டம் வந்த தேதியை நம்பித் தொடங்கக் கூடாது. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணச் சட்டமன்றம் அதற்கு இசைந்து தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதல் என்று நாம் பெருமை பேசுகிறோம். ஆனால் அந்த உரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே உரியது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கும், தலையில் கூடை சுமந்து மீன் விற்றவருக்கும் அதில் இடமில்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் எண்ணிக்கையைக் கூட்டியதே தவிர, எல்லோரையும் சேர்க்கவில்லை. ஆகவே வடசென்னையின் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கு 1951-52 பொதுத்தேர்தலிலிருந்தே தொடங்கும்.

மூத்தவர்களிடம் ஆண்டைக் கேட்டால் பதில் வராது. கண்ணால் கண்டதைக் கேட்க வேண்டும். "ஆயா, சீட்டுல முத்திரை குத்தினியா, இல்ல சும்மா பெட்டியில போட்டியா?" என்பது நல்ல முதல் கேள்வி. முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என வைத்துச் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். சீட்டில் எதையும் குறிக்கத் தேவையில்லை. விரலில் மை வைப்பது முதல் பொதுத்தேர்தலிலேயே இருந்ததால், அதை வைத்து ஆண்டைக் கணிக்க முடியாது. காங்கிரசின் பழைய சின்னமான நுகத்தடி பூட்டிய காளைகள் நினைவிருந்தால் 1967 அல்லது அதற்கு முந்தைய தேர்தல். முதல் ஓட்டே இரட்டை இலைக்கு என்றால் 1977 அல்லது அதற்குப் பின். பதினெட்டு வயதிலேயே வாக்களித்ததாகச் சொல்பவர் 1989 நவம்பர் தேர்தலிலோ அதற்குப் பின்னரோ வாக்களித்தவர், ஏனெனில் அதுவரை வயது வரம்பு இருபத்தொன்று. என் ஆயா மை வைத்ததாக நினைவில்லை என்றார். ஆனால் மாட்டுப்படம் ஒட்டிய பெட்டியையும், இடுப்பில் இருந்த கைக்குழந்தை அதைத் தட்டித் தட்டிப் பார்த்ததையும் சொன்னார். அந்தக் குழந்தை 1956இல் பிறந்த என் பெரியம்மா என்பதால் அது 1957 என்று உறுதியாயிற்று. பிள்ளைகளின் வயதைப் போல நம்பகமான நாட்காட்டி வேறில்லை.

அடுத்ததாகப் பெயரை விசாரிக்க வேண்டும். எனக்கு இதுவே முதன்மையான பகுதியாகத் தோன்றுகிறது. முதல் பொதுத்தேர்தலின்போது, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் வட மாநிலத்தவர். நம் வீடுகளில் சிக்கல் நேர்மாறானது: தம் பெயரைத் தயங்காமல் சொல்லும் பெண், கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கணக்கெடுக்க வந்தவரிடம் முருகன் படத்தைக் காட்டினாரா, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாரா என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் பிழையாக ஏறிய கதை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

மீன் விற்பவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவதால், மதியச் சாப்பாட்டுக்குப் பின் போவது நல்லது. ரேஷன் கார்டையும் பழைய வாக்காளர் அட்டையையும் எடுத்துவரச் சொல்லி, அவர்களின் அனுமதியோடு படமெடுத்துக் கொள்ளுங்கள். யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். சின்னத்தை அவர்களே சொன்னால் குறித்துக் கொள்ளலாம். யார் சொல்லிப் போட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள், அதுவும் மகனும் மருமகளும் அருகில் இல்லாதபோது.

எழுதி முடித்ததும் மறுபடி போய் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பட்டியலில் உள்ள பெயரும் அவர் சொல்லும் பெயரும் வேறுபட்டால் இரண்டையும் எழுதி, அவர் சொன்னதை முதலில் வையுங்கள்.